பத்து நாற்பதுக்குப் போன கரண்ட்

ஏப்ரல் 5, சனி

இன்று நாலு மணி வகுப்பில் பூங்கோதை என்னைப் பற்றிப் பேசினாள். கம்ப்யூட்டரில் நடக்கிற வகுப்பு. அவள் முன்னறையில், நான் சமையல்கட்டில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டு. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் ‘மதர் இன் லா’ என்றால் மாமியார் என்று தெரியும். பேத்தி இனியா மூன்றாவது படிக்கும்போது உறவுமுறைப் பாடத்தைக் கத்திக் கத்திப் படித்திருக்கிறாள். என் மருமகள் அதை ஏழு தடவை சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் இருந்தவர்கள் மூன்று தடவை சிரித்தார்கள். மூன்றாவது சிரிப்பு நீளமானது. அதில் ஒரு ஆம்பளைக் குரல், சிரித்து முடித்ததும் இரண்டு தடவை இருமியது.

ஏழு, மூன்று, இருமல் இரண்டு. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தோசைக்கு ஆட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ தூக்கல். இனியா துப்பினாள்.

சாப்பிடும்போது பூங்கோதை ஒரு சேதி சொன்னாள். அவள் வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இங்கிலீஷ் எடுத்தவர் ஓய்வு பெறுகிறாராம். ஜூன் பத்துக்குள் எம்.ஏ. முடித்துவிட்டால் அந்த இடம் உனக்குத்தான் என்று கரஸ்பாண்டென்ட் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷமாக விடியலில் எழுந்து வீட்டிலிருந்தே படிக்கிறாள். மே மாதம் கடைசித் தாள்.

“ஏழு வருசமா எட்டாங்கிளாஸுக்கே எடுத்துட்டு இருக்கறேனுங்கத்தை. இது மட்டும் கெடச்சுதுன்னா…” என்று நிறுத்தினாள். கண் பளபளவென்று இருந்தது. எனக்கு அவள் அம்மா தேவகியின் ஞாபகம் வந்தது. நிச்சயதார்த்தத்தன்று, 2008 தை மாதம், பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “எங்க புள்ள படிச்ச புள்ள, அந்த ஊட்டுல அதுகூடப் பேசறதுக்கு ஆளிருக்குதா?” என்று கேட்டவள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் இலையில் அப்பளம் பாதி இருந்தது. அப்படியே எழுந்துவிட்டேன்.

அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனவளுக்கு டைரி எதுக்கு என்று கேட்டவளும் தேவகிதான். அது 2009, ஆடிப் பதினெட்டு. எதற்கா? என் மகன் லோகு வேலை பார்க்கிற பஸ் பாடி பட்டறைக்குப் பெயிண்ட் கம்பெனி வருஷாவருஷம் டைரி கொடுக்கிறது, ஒன்று எனக்கு. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன். சொன்னவர்கள் மறந்துவிட்டு, “நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்பார்கள். பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். இதுவரை என் டைரியை யாரும் பொய் என்று சொன்னதில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பூங்கோதை மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் வற்றல் திருப்பிப் போட்டேன். பரீட்சை வீட்டிலேயேதானாம். காமிரா பார்த்துக்கொண்டே இருக்குமாம். அவர்கள் அறை ரோட்டுப் பக்கம், கரூர் ஹாரன் சத்தம் மொத்தமும் அங்கேதான். என் அறை பின்பக்கம். “ஒரு நாள் மட்டும் உங்க ரூமைக் குடுங்கத்தை” என்றாள். சரி என்றேன். பரீட்சைக்கு ஏதேதோ சட்டம் சொன்னாள். தலையாட்டினேன்.

வற்றல் நன்றாகக் காய்ந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

பரீட்சை. காலையில் இட்லி, தக்காளிச் சட்னி. அவள் இரண்டுதான் சாப்பிட்டாள். வீட்டில் சத்தம் இருக்கக்கூடாது என்று லோகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எட்டரைக்கே வெள்ளகோவில் போய்விட்டான். எதிர் வீட்டு ருக்குமணி குடும்பத்தோடு பழனிக்குப் போயிருக்கிறாள். பக்கத்தில் பெட்ஷீட் குடோன், ஞாயிறு பூட்டு. தெருவே கம்மென்று இருந்தது.

ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டருக்குள் இருந்து ஒரு பெண் பேசினாள். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். சுவரில் எழுத்து இருக்கிற எதுவும் இருக்கக்கூடாதாம். காலண்டரைக் கழற்றச் சொன்னாள். பூங்கோதை கழற்றினாள். என் வீட்டுக்காரர் படத்தையும் கழற்றச் சொன்னாள், கீழே தோற்றம், மறைவு என்று தேதி எழுதியிருக்கிறதே, அதற்காக. பூங்கோதை கழற்றினாள். கட்டிலில் குப்புற வைத்தாள். மேலே போர்வையைப் போட்டாள். நான் வாசற்படியில்தான் நின்றேன். “அத்தை, கொஞ்சம் வெளிய இருங்க, கதவைச் சாத்தோணும்” என்றாள்.

பத்து நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று. பதினொன்று இருபதுக்கு வந்தது.

மத்தியானம் புளிக்குழம்பு.

மே 12, திங்கள்

பூங்கோதை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. கரண்ட் போனதும் நெட் பெட்டி அணைந்துவிட்டது. திரும்ப வந்தபோது கம்ப்யூட்டர் அவளை உள்ளே விடவில்லை. எழுதியது பாதிக்கும் குறைவு. பரீட்சை எழுதாதவள் என்று சேர்த்துவிட்டார்கள். அடுத்த முறை எழுத ஒரு வருஷம் ஆகுமாம்.

லோகு சொன்னான், “கரண்ட் போனதுக்கு நீ என்ன பண்ணுவ? மேல எழுதிப் போடு.” பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டால், உண்மையிலேயே மின்தடை என்று நிரூபித்தால், மறுபடி எழுத விடுவார்களாம்.

 சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தும் கேட்கவில்லை.

மே 14, புதன்

பூங்கோதை மின்சார ஆபீஸுக்குப் போய் வந்தாள். பதினொன்றாம் தேதி இந்தத் தெருவில் தடையே இல்லை, ரெஜிஸ்டரில் அப்படி எதுவும் இல்லை, அதனால் சர்டிபிகேட் கொடுக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“நாப்பது நிமிசம் இருட்டுல உக்காந்திருந்தேன், இல்லவே இல்லைங்கறாங்க!” என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்று அழுதாள்.

செருப்போடு நடுவீட்டுக்கு வந்ததை வேறு ஒரு நாளாக இருந்தால் எழுதி வைத்திருப்பேன்.

மே 15, வியாழன்

நிலக்கடலை உரித்தேன். இரண்டு படி. விரல் வலிக்கிறது.

மே 16, வெள்ளி

இனியாவுக்கு லீவு. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு ஏதோ வேலையாகப் போயிருந்தாள். கேட்டேன்: “உங்கம்மா ஏப்ரல் அஞ்சாந்தேதி கிளாஸ்ல என்னமோ படிச்சாளே கண்ணு, அது இருக்குதா?” பிள்ளை ஃபைலைத் துழாவி எடுத்துவிட்டாள். மேலே தேதி இருந்தது. சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்களாம். தமிழில் சொல்லச் சொன்னேன். விரலை வைத்து வைத்துச் சொன்னாள்:

“‘என் மாமியாருக்கு மறதி கிடையாது. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சிருக்காங்க. எங்க தெருவோட சரித்திரம் மொத்தமும் அவங்க கோவத்துக்குள்ள பத்திரமா இருக்குது.’ இங்க எல்லாரும் சிரிச்சிருப்பாங்க அப்பத்தா. ‘என் அம்மா அவங்களை ஒரு தடவை அவமானப்படுத்திட்டாங்க. அன்னிக்கு இலையில எவ்வளவு அப்பளம் மிச்சம் இருந்துச்சுன்னு என் மாமியார் இன்னிக்கும் சொல்லுவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவா ஆகாது. ஆனா ஒரு நாள், எது நிஜம்னு எனக்குத் தெரியணும்னா, நான் வேற யார்கிட்டயும் போகமாட்டேன். அவங்க டைரியைத்தான் கேப்பேன்.’ அவ்வளவுதான். சார் இதுக்குத்தான் கிளாஸ்லயே ஜாஸ்தி மார்க் போட்டிருக்காரு.”

“இது என்னயத் திட்டறதா, புகழறதா?”

“ரெண்டும்தான் அப்பத்தா” என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

அவமானப்படுத்திட்டாங்க என்று அவளே எழுதியிருக்கிறாள். பதினேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அது வந்ததில்லை. இங்கிலீஷில் வந்திருக்கிறது.

மே 18, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிவிட்டது. எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினொன்றாம் தேதி கரண்ட் போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மெயின் சுவிட்சை நான் இறக்கினேன்.

கொஞ்ச நேரம்தான் என்று இறக்கினேன். அவரைக் குப்புறப் போட்டுப் போர்வையால் மூடியிருந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. அதோடு அந்த ஏழும் மூன்றும். கொஞ்ச நேரம் அவளும் இருட்டில் இருக்கட்டும் என்று. அதற்குள் உள்ளிருந்து அவள், “அத்தை, கரண்ட் போச்சுங்களா?” என்று கேட்டாள். “ஆமாங் கண்ணு, தெருவுக்கே போச்சு” என்றேன். சொன்ன பிறகு உடனே எப்படி ஏற்றுவது? கொஞ்சம் போகட்டும் என்று பின்பக்கம் போய்க் கொடியில் துணி எடுத்தேன். மடித்தேன். அப்படியே நேரம் போய்விட்டது. பதினைந்து நிமிஷத்துக்குள் திரும்ப வராவிட்டால் பரீட்சை முடிந்தது என்கிற சட்டம் எனக்கு எங்கே தெரியும்?

மே 19, திங்கள்

காலையில் சமையல்கட்டுக்கு வந்தாள். “அத்தை, உங்க டைரியைக் குடுங்க” என்றாள்.

தோசைக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“பதினொண்ணாந்தேதி கரண்ட் போனதை எழுதியிருப்பீங்கல்ல? மணியோட எழுதுவீங்களே. அதை ஃபோட்டோ எடுத்து, இங்கிலீஷ்ல மாத்திக் கடிதத்தோட அனுப்பறேன். அவங்க ரெஜிஸ்டர் பொய் சொல்லும், உங்க டைரி பொய் சொல்லாதுங்கத்தை.”

நானே கொண்டுவருகிறேன் என்று போய், பதினொன்றாம் தேதிப் பக்கத்தைத் திறந்து, மற்றப் பக்கங்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நீட்டினேன். நேற்று எழுதியது அடுத்த சில தாள் தள்ளித்தான். அவள் ஃபோனைக் குனிந்து பிடித்து எடுத்தாள். “கையை ஆட்டாதீங்க” என்றாள். மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்துவிட்டு, அதிலேயே படித்தாள். “பத்து நாப்பது, பதினொண்ணு இருபது. பாத்தீங்களா!” என்றாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக இரண்டு தோசை சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அனுப்பப் போகிறாள்.

மே 20, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதிலும் பொய் இருக்கிறது.

பதினைந்து நிமிஷச் சட்டம் எனக்குத் தெரியும். ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி மாடியில் சொன்னாள். டைரியில் ‘ஏதேதோ சட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். ஏதேதோ இல்லை. நான்கு சட்டம். அறையில் வேறு ஆள் கூடாது. ஃபோன் அறைக்குள் கூடாது. அவள் எழுந்து வெளியே வரக்கூடாது, வந்தால் காப்பி அடித்ததாகச் சேர்த்துவிடுவார்கள். நெட் அறுந்தால் பதினைந்து நிமிஷத்துக்குள் திரும்ப வர வேண்டும். கூந்தலைத் துண்டால் தட்டிக்கொண்டே விரல் மடக்கிச் சொன்னாள். நாலாவது விரல் மோதிர விரல்.

அவளால் எழுந்து வந்து மெயினைப் பார்க்க முடியாது என்றும் எனக்குத் தெரியும்.

கொடியில் துணி எடுத்தது உண்மை. மடித்ததும் உண்மை. ஆனால் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் மடித்தேன். பத்து ஐம்பத்தைந்து ஆனதையும் பார்த்தேன்.

வேறு யாராவது என்றால் மறந்துட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அந்த வழி கிடையாது.

மே 22, வியாழன்

நாளை அனுப்புகிறாள். எழுதி முடித்துவிட்டாள். லோகுவுக்குப் படித்துக் காட்டினாள். அதில் ‘என் மாமியாரின் நாட்குறிப்பு’ என்று ஒரு வரி வருகிறதாம். மின்சார ஆபீஸில் தடையில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டால், பொய்ச் சாட்சி சேர்த்தவள் என்று அவள் பெயர்தான் கெடும். ஒரு வருஷம் மட்டும் போகாது, மொத்தமும் போய்விடும்.

மத்தியானம் பதினொன்றாம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். கிழிக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இருபத்தாறு டைரியில் ஒரு தாள் கிழித்ததில்லை. ‘கரண்ட் போயிற்று’ என்ற வரிக்குக் கீழே எழுதினேன்: ‘பொய். மெயினை இறக்கியது நான். ஏற்றியதும் நான். பாவாயி.’

டைரியை அவள் மேசைமேல் வைத்தேன். ரேஷன் கடைக்குப் போய்விட்டேன். கடை சாத்தியிருந்தது. அங்கேயே நின்றேன்.

மே 23, வெள்ளி

நேற்றைய பக்கத்தின் கடைசி வரிகளை இன்றுதான் எழுதினேன். டைரி அவளிடம் இருந்தது. இன்று மேசைமேல் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

நேற்று நான் திரும்பி வந்தபோது சமையல்கட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. நான்தான் அணைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மாமா படத்துக்குப் பரீட்சை முடிஞ்சதும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கோணும்னு இருந்தேனுங்க. அந்தப் பொம்பள பாத்துட்டே இருந்தா, எங்க வெக்கறதுன்னு தெரியல” என்றாள். அப்புறம், “மெயினை இறக்குனதைக் கூட விட்டுருவேன். நான் உள்ளார இருந்து கேட்டேன். தெருவுக்கே போச்சுன்னு சொன்னீங்களே. அதுதான் எனக்கு ஆறல” என்றாள்.

லோகு அவ்வளவு சாந்தமாக இல்லை. “ரெண்டு வருசம்மா! நாலு மணிக்கு எந்திரிச்சு, உனக்கும் சேத்துக் காப்பி போட்டு வெச்சுட்டுப் படிச்சா அவ!” என்றான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். “இதையும் டைரில எழுதிக்க.”

எழுதிவிட்டேன்.

மே 26, திங்கள்

அவள் கடிதத்தை மாற்றி எழுதி அனுப்பிவிட்டாள். நடந்தது நடந்தபடி. என் பக்கங்கள் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்தாள், ‘பொய்’ என்று எழுதியது வரைக்கும். நான் கையை ஆட்டாமல் பிடித்தேன்.

அத்தை என்று கூப்பிட்டு இன்றோடு நாலு நாள். “சாப்பாடு வெச்சிருக்குது”, “தண்ணி சூடா இருக்குது” என்கிறாள். யாருக்கு என்று சொல்வதில்லை.

மே 29, வியாழன்

விசாரணை. கம்ப்யூட்டரில் மூன்று பேர். இரண்டு பெண்கள், ஒரு ஆள். நானும் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பச்சைச் சேலை கட்டினேன்.

கண்ணாடி போட்ட அம்மா தமிழில் கேட்டாள்: “நீங்கதான் சுவிட்சை ஆஃப் பண்ணீங்களாம்மா?”

“ஆமாங்க.”

“தெரியாம கை பட்டிருக்கும், இல்லீங்களா?”

“இல்லீங்க. தெரிஞ்சுதான்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு அம்மா மெதுவாகச் சொன்னாள்: “பாருங்கம்மா, மருமகளோட வருசம் வீணாகக் கூடாதுன்னு நீங்க பழியை ஏத்துக்கறீங்கன்னு எங்களுக்குத் தோணுது. நல்ல மனசுதான். ஆனா ஒரே டைரி முதல்ல கரண்ட் போச்சுங்குது, அப்புறம் நான்தான்னு சொல்லுது. எதை நம்பறது? உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?”

நல்ல மனசாம். எனக்கு. பக்கத்தில் பூங்கோதை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கெட்ட மனசு என்று எப்படி நிரூபிப்பது?

டைரியைத் திறந்தேன். ஏப்ரல் அஞ்சாம் தேதியைப் படித்தேன். ஏழு தடவை, மூன்று சிரிப்பு. நிச்சயதார்த்தத்துப் பந்தி, பாதி அப்பளம். மாடியில் அவள் விரல் மடக்கிச் சொன்ன நான்கு சட்டம். பத்து ஐம்பத்தைந்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தது. படித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் சங்கடத்தில் இருமினார். இரண்டு தடவை. உடனே தெரிந்துவிட்டது.

“மூணாவதாச் சிரிச்சது நீங்கதானுங்களே?” என்றேன். “நீளமாச் சிரிச்சுப்போட்டு, இதே மாதிரி ரெண்டு இருமல் இருமுனீங்க.”

அவர் முகம் சிவந்தது. கண்ணாடி அம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, “ஆமாங்கம்மா. கோவத்துக்குள்ள சரித்திரம்னு வந்த இடத்துல. நான்தான் அந்த வகுப்பு எடுத்தேன்” என்றார். “உங்களைக் கேவலமாச் சிரிக்கலைங்க.”

“அது எனக்கு மே பதினாறுதானுங்க தெரியும். மெயினை எறக்குனது பதினொண்ணு.”

 “இது சொல்லிக் குடுத்து வர்றதில்ல” என்று கண்ணாடி அம்மா தமிழிலேயே சொன்னாள். என்னிடம் இல்லை, மற்ற இருவரிடம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இனியா புதுப் பை. பூங்கோதை எட்டாம் வகுப்புக்குத்தான் போனாள். அத்தை என்று கூப்பிட்டுப் பதினொரு நாள்.

ஜூன் 6, வெள்ளி

கடிதம் வந்தது. அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி எழுதலாம். ஜூன் இருபத்தொன்பது. லோகு அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான். பூங்கோதை காலண்டரில் பத்தாம் தேதியைப் பார்த்தாள். அப்புறம் இருபத்தொன்பதைப் பார்த்தாள். 

ஜூன் 10, செவ்வாய்

குளித்தலையிலிருந்து ஒரு பெண்ணைப் பிளஸ் ஒன்னுக்குப் போட்டுவிட்டார்கள். பூங்கோதைதான் அவளுக்கு ஸ்டாஃப் ரூம், பீரோ எல்லாம் காட்டினாளாம். லோகுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “நல்ல புள்ளைதான்” என்றாள்.

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டுக் கீரையை ஒரு மணி நேரம் ஆய்ந்தேன்.

தேவகி 2008இல் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதைப் பதினேழு வருஷமாக வைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்ததைப் பூங்கோதை எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை. அவள் டைரி எழுதுகிறவள் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

ஜூன் 28, சனி

நாளைக்குப் பரீட்சை. லோகுவுக்குப் பட்டறையில் அவசர வேலை, ஞாயிறும் போக வேண்டும். இனியா பக்கத்துத் தெருவில் தோழி வீட்டுக்கு. வீட்டில் நான்தான்.

சாயங்காலம் பூங்கோதை தன் ஃபோனைக் கொண்டுவந்தாள். நாளைக்கு அதை அறைக்கு வெளியே வைத்திருக்க வேண்டும், நெட் பெட்டி அணைந்தால் ஃபோனிலிருந்து நெட் கொடுக்கலாமாம், அவர்களிடம் கேட்டுச் சரி வாங்கிவிட்டாளாம். எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினாள். கட்டம் பச்சையாக வேண்டும். நான் ஒன்பது தடவை அழுத்திப் பார்த்தேன். ஒன்பது தடவையும் பச்சையானது.

வேறு ஆள் இருந்திருந்தால் என்னிடம் கொடுத்திருப்பாளா என்று கேட்கவில்லை.

மெயின் பெட்டிக்குப் பூட்டுப் போடலாம் என்று நானே சொன்னேன். “சாவி உன்றகிட்ட இருக்கட்டும் கண்ணு.” அவள் தலையசைத்து வேண்டாம் என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் ஆறு மணிக்கு நானே நாற்காலி போட்டு ஏறி அவர் படத்தைக் கழற்றினேன். காலண்டரையும். அறையைக் கூட்டினேன். ஒன்பதரைக்கு அவள் கதவைச் சாத்தினாள். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். மடியில் படம், நிமிர்த்தி. கையில் ஃபோன்.

பதினொன்று ஐந்துக்கு மின்விசிறி நின்றது.

 எழுந்து, படத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். மெயின் மேலேதான் இருந்தது. என் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டில் ருக்குமணி விசிறியோடு வெளியே வந்து, “இந்த வெயிலுக்கு இது வேற” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. “கரண்ட் போச்சுங்களா?”

வேறு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. “ஆமாங் கண்ணு” என்றேன். “தெருவுக்கே போச்சு.”

உள்ளே சத்தம் இல்லை. அவளால் எழுந்து வர முடியாது. ஜன்னலும் சாத்தியிருக்கிறது. என் வார்த்தையைத் தவிர அவளுக்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியவில்லை. எனக்கு மணி தெரியாத நேரம் அது ஒன்றுதான்.

“அப்ப ஃபோனை அழுத்துங்க” என்றாள்.

அழுத்தினேன். பச்சையானது. கொஞ்ச நேரத்தில் உள்ளே விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. ஃபோனைக் கதவோரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மரத்துப் போனது. உட்காரவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கரண்ட் வந்தது.

ஃபோனைக் கதவோரம் ஸ்டூலில் வைத்துவிட்டு, டைரியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். ‘பதினொன்று ஐந்து முதல் பதினொன்று ஐம்பத்திரண்டு வரை தெருவுக்கே கரண்ட் இல்லை’ என்று எழுதி, ருக்குமணியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். “என்னக்கா, சொத்து எழுதி வெக்கறீங்களா?” என்றாள். தெருமுனைக் கம்பத்திலிருந்து லைன்மேன் இறங்கிக்கொண்டிருந்தான். அவனிடமும் நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டான். வேலை செய்கிற ஆபீஸ் பெயரையும் எழுதச் சொன்னேன். எழுதினான்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. முழுதும் எழுதிவிட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே மேசைமேல் திறந்திருந்த டைரியைப் பார்த்தாள்.

“இதென்னங்கத்தை, கையெழுத்தெல்லாம்? யாருக்கு அனுப்பறதுக்கு?”

“யாருக்கும் இல்ல கண்ணு. எனக்குத்தான்.”

அவள் டம்ளரை வைத்தாள். நாற்காலியில் இருந்த படத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். என் அறைக்குள் கொண்டுபோய், எக்கி, ஆணியில் மாட்டினாள். முகம் கழுவப் போய்விட்டாள்.

இடது பக்கம் ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது. இருக்கட்டும்.